சிக்கனம் அடுப்படியில் தொடங்க வேண்டியதில்லை

விவசாயக் குடும்பங்களுக்குச் சிக்கனம் பற்றி எடுத்துச் சொல்வது விரிவாக்கப் பணியில் உள்ள எங்களுக்குப் பழகிப்போன வேலை. நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பெண்களிடம் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுப்போம். ஒரு பக்கம் மாத வருமானம். மறுபக்கம் மளிகை, பால், காய்கறி, மருந்து, பள்ளிச் செலவு. மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கடைமடைக் கிராமம் ஒன்றில் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்த ஓர் அம்மாள், "சார், உங்களுக்கு மாசா மாசம் சம்பளம். எங்களுக்குத் தை மாசம்தான் சம்பளம். மத்த பதினோரு மாசத்துக்கு இதுல என்னத்த எழுதுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவனே நான்தான்.

சம்பா சாகுபடி செய்யும் இரண்டு ஏக்கர் குடும்பத்தின் ஓர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நெல் விற்ற பணம் தை, மாசியில் வருகிறது. பழைய கடனுக்கு ஒரு பகுதி போகிறது. பங்குனி, சித்திரையில் திருவிழா, காதுகுத்து, உறவினர் வீட்டுக் கல்யாணம். வைகாசிக் கடைசியில் பள்ளி திறக்கிறார்கள். ஆடி, ஆவணியில் உழவும் விதையும் நாற்றங்காலும். புரட்டாசியில் நடவுக் கூலி, உரம். ஐப்பசியில் தீபாவளி. கையில் காசு இல்லாத மாதங்களில்தான் பெரிய செலவுகள் வரிசையாக வருகின்றன. அடைமழை பிடித்துக்கொண்டால் கூலி வேலையும் கிடையாது. காதிலும் கழுத்திலும் கிடப்பது அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். புரட்டாசியில் நகையை வைத்து ரூ.50,000 வாங்கி, மாசியில் மீட்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம். இரண்டு வட்டி என்றால் ரூ.6,000, மூன்று வட்டி என்றால் ரூ.9,000. அதே தொகையை உழவர் கடன் அட்டை மூலம் வங்கியில் பயிர்க்கடனாக வாங்கி, தவணைக்குள் கட்டினால் வட்டி 4 சதவீதம். ஆறு மாதத்துக்கு ரூ.1,000. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கித் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. தவணை தவறினால் இந்தச் சலுகை போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் கை இறுக்கமானதும் முதலில் நிறுத்தப்படுவது எது? பால். நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலை, லிட்டர் ரூ.45 என்ற கணக்கில், ஆறு மாதம் நிறுத்தினால் மிச்சமாவது ரூ.4,050. பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கிய அந்தத் தொகை அடகுக் கடையின் வட்டிக்கே போதவில்லை. சொந்தமாகக் கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில்கூடப் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விட, பிள்ளைகள் வரகாப்பி குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாலுக்கு அடுத்து முட்டை, பிறகு பருப்பு, பிறகு அம்மாவின் மாத்திரை. வட்டியைக் குறைக்க வேண்டும் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து பேசுவதில்லை. கடன் எவ்வளவு என்பதே மனைவிக்குத் தெரியாத குடும்பங்கள் ஏராளம். அடுப்படியில் சிக்கனம் செய்யுங்கள் என்று அவரிடம் போய்ப் பாடம் நடத்தினோம் நாங்கள்.

அடுத்தது நெல். களத்திலிருந்தே மொத்த நெல்லையும் கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ அனுப்பிவிட்டு, ஆவணியில் மளிகைக் கடையில் அரிசி வாங்கும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. ரேஷனில் விலையில்லா அரிசி கிடைப்பது உண்மையே. அது போக மாதம் 16 கிலோ அரிசி தேவைப்படும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 60 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை நெல் போதும். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி காணும். நெல்லைக் கிலோ 25 ரூபாய்க்கு விற்றால், அரைவைக் கூலி நீங்கலாக, ஒரு கிலோ அரிசி ஏறத்தாழ 38 ரூபாய்க்குத்தான் நம் கையைவிட்டுப் போகிறது. கடையில் அது என்ன விலைக்குத் திரும்பி வருகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நெல்லை 12 சதவீத ஈரப்பதத்துக்கு நன்றாகக் காயவைத்து, உலர்ந்த நொச்சி அல்லது வேப்பிலையைக் கலந்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினால் அடுத்த தை வரை தாங்கும்.

கொல்லையில் இரண்டரை சென்ட் காய்கறித் தோட்டம், வேலியோரம் முருங்கை, அகத்தி என்று இப்பக்கத்தில் பலமுறை படித்திருப்பீர்கள். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

மொய் விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளை வீண் ஆடம்பரம் என்று படித்தவர்கள் கேலி பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கைமுடை மாதத்தில் வட்டியில்லாமல் மொத்தமாகப் பணம் புரட்ட ஊரார் தாமே கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஆனால் வாங்கிய மொய் கடன். சற்றுக் கூட்டியே திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதையும் கடன் பக்கத்தில் எழுத வேண்டும். பலர் வரவில் மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆண்கள் கடைத்தெருவில் செய்யும் செலவை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. டீக்கும் வடைக்கும் மட்டும் நாளொன்றுக்கு ரூ.40 என்றால் மாதம் ரூ.1,200. மதுவைச் சேர்த்தால் கணக்கு வேறு. சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மாள் கேட்டதற்குப் பின் படிவத்தை விட்டுவிட்டோம். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு. தை முதல் மார்கழி வரை மாதத்துக்கு ஒரு பக்கம். பள்ளிக் கட்டணம் வைகாசிப் பக்கத்திலும் தீபாவளி ஐப்பசிப் பக்கத்திலும் முன்கூட்டியே எழுதப்படும். நெல் பணம் வந்த அன்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கங்களுக்குரிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும். வீட்டில் வைத்தால் நிற்காது; அஞ்சலகத்தில் போட்டுவிடுவதே நல்லது. முழுவதும் ஒதுக்க இயலாது என்பதை அறிவேன். இரண்டு ஏக்கர் வருமானத்தில் எல்லாச் செலவையும் திட்டமிட்டே சமாளித்துவிடலாம் என்று சொன்னால் அது பொய். ஐப்பசிப் பக்கத்தில் பாதியாவது நிரம்பினால் அடகுக்குப் போகும் நகையில் ஒன்று வீட்டில் நிற்கும்.

குடும்பம் தன் பங்கைச் செய்தாலும் கடன் கொடுப்பவர்கள் காலத்தில் கொடுக்க வேண்டாமா? நாற்று விடும்போது தேவைப்படும் பணம் நடவு முடிந்து களையெடுக்கும் நேரத்தில் வந்தால், அதற்குள் நகை போயிருக்கும். வட்டியில்லாக் கடன் வந்து வட்டிக் கடனை அடைக்கத்தான் உதவும். உழவர் கடன் அட்டைக்கு 2012-ல் திருத்தி வெளியிட்ட விதிமுறையில் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாகப் பயிர்க்கடனில் 10 சதவீதம் சேர்த்துக் கணக்கிட இடம் தந்திருக்கிறார்கள். அதை அறிந்து கேட்ட விவசாயியை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவர்களின் நிலை இன்னும் மோசம். சிட்டா நிலச் சொந்தக்காரர் பெயரில். சாகுபடிச் சான்றுக்குக் கையெழுத்துப் போட அவர் தயங்குகிறார். உழுபவர் அடகுக் கடைக்குத்தான் போக முடியும். கூட்டுறவுச் சங்கங்களும் வேளாண் துறையும் ஆனி மாதத்திலேயே ஊர்தோறும் முகாம் நடத்தி, பயிர் செய்பவரை நேரில் பார்த்துச் சான்று எழுதி, ஆடி பிறக்கும் முன் கடனைக் கையில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.