டாக்டர் குறித்த நாள்

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், "டாக்டர் ஆறு மாசம்னு நாள் குறிச்சிட்டாராம்" என்ற சேதிதான் முதலில் ஊரைச் சுற்றுகிறது. அதைக் காலண்டர் தேதியாக எடுத்துக்கொண்டு நிலத்தைப் பாகம் பிரிக்கிறார்கள். இனி எதற்கு அலைச்சல் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்துகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு, நோயாளிக்குக் கொடுமையும்கூட. ஆராய்ச்சிகள் சொல்லும் ஆறு மாதம் பெரும்பாலும் ஓர் இடைநிலை அளவு: அதே நோய், அதே கட்டத்தில் உள்ளவர்களில் பாதிப் பேர் இறந்திருக்கும் காலம். மறுபாதி அதற்கப்பாலும் வாழ்கிறது, சிலர் வருடக்கணக்கில். நம் வீட்டு நோயாளி எந்தப் பாதியில் என்பது அந்த எண்ணில் இல்லை.

இந்த எண் எப்படி வருகிறது என்று அறிய, 1958இல் எட்வர்ட் கப்லானும் பால் மயரும் வகுத்த கணக்கு முறையைப் பாருங்கள். பத்து நோயாளிகள், இரண்டாம் மாதம் ஒருவர் இறக்கிறார்: 9/10. மூன்றாம் மாதம் ஒருவர் வரவில்லை. அறுவடையோ, பஸ் காசோ, தெரியாது. அவரை இறந்தவராகவும் எழுதுவதில்லை, பிழைத்தவராகவும் எழுதுவதில்லை. அதுவரை இருந்தார் என்று மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். நான்காம் மாதம், எஞ்சிய எட்டுப் பேரில் ஒருவர் இறந்தால் 7/8. இரண்டையும் பெருக்கினால், நான்கு மாதம் தாண்டி வாழும் வாய்ப்பு சுமார் 79 சதவீதம். ஒவ்வொரு படியும் அன்று உயிரோடிருப்பவர்களை வைத்தே எழுகிறது; ஆகவே ஆறு மாதத்தைத் தாண்டியவருக்குப் பழைய எண் செல்லாது. வராதவர் நோய் முற்றிப் படுத்ததால்தான் வரவில்லை என்றால், கணக்கு உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981இல் தொடங்கிய சென்னைப் பதிவேட்டின் ஊழியர்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போய் விசாரித்தது இதனால்தான்.

பொய் நம்பிக்கை ஊட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. சிகாகோவில் அந்திமகாலப் பராமரிப்புக்கு வந்த 468 பேரைப் பற்றி 2000இல் கிறிஸ்டாகிஸும் லாமண்டும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் கணிப்புகளில் 20 சதவீதமே ஏறக்குறையச் சரி. 63 சதவீதம் உள்ளதைவிட அதிக நாள் சொன்னவை. அப்படியென்றால் 'இன்னும் ஆறு மாசம் இருக்கே' என்று வலி மருந்தைத் தள்ளிப்போடும் குடும்பமும் இதே எண்ணால்தான் ஏமாறுகிறது.

கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது, ஒரே எண்ணாகச் சொன்னால் போதும் என்பது அடுத்த வாதம். வட்டத்தின் சராசரி மகசூலைக் கேட்டுவிட்டுத் தன் வயலிலும் அத்தனை மூட்டைதான் என்று எந்த விவசாயியும் முடிவுகட்டுவதில்லை. அவரிடம், "பத்துப் பேரில் அஞ்சு பேர் ஆறு மாசம் தாண்டுவாங்க. வலிக்கு இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த மாசம் வாங்க, பார்த்துட்டு மறுபடி சொல்றேன்" என்று டாக்டர் சொல்லலாம். அதற்கு இரண்டு நிமிடம் கூடப் பிடிக்காது.