நாளைய சந்தைக்கு நேற்றைய திகதியா?

பொருளின் தரத்துக்கும் விலைக்கும் கொடுக்கும் கவனத்தை எமது வியாபாரிகள் தகவலுக்குக் கொடுப்பதில்லை. கடை எந்த வீதியில் இருக்கிறது என்று அறிவித்தால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை வாடிக்கையாளர் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து புறப்படுகிறார். அவருக்கு விடை சொல்ல வேண்டிய இணைய வர்த்தக விபரக்கொத்துகள் எதை மேலே காட்டுகின்றன, எதைக் கீழே தள்ளுகின்றன என்பது சிறு வியாபாரியின் வருமானத்தைத் தொடும் விடயமாகும்.

அச்சிட்ட விபரக்கொத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. கடையின் பெயரும் முகவரியும் கிழமைக்குக் கிழமை மாறுவதில்லை. ஆனால் வாராந்தச் சந்தை, மாதாந்த மலிவு விற்பனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆரம்பிக்கும் தையல் வகுப்பு, வருடாந்தப் பெருநாள் சந்தை ஆகியன அப்படியல்ல. அவை முடிந்து முடிந்து மீண்டும் வருபவை. இவற்றை வரிசைப்படுத்துவதில்தான் பல இணையத்தளங்கள் தடுமாறுகின்றன.

உதாரணமாக, 2019 ஜனவரியில் ஆரம்பித்து இன்றுவரை கிழமை தவறாமல் கூடும் ஒரு சந்தையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத் திகதியைக் கொண்டு வரிசைப்படுத்தும் தளத்தில் அது 2019ஆம் ஆண்டின் நிகழ்வாகவே கிடக்கும். முடிந்தவற்றை மறைக்கும்படி தளம் அமைக்கப்பட்டிருந்தால், நாளை காலை கூடவிருக்கும் சந்தை தேடுபவரின் கண்ணில் படவே படாது. இதற்குப் பரிகாரமாக வேறு சிலர் வருடத்தின் 52 கிழமைகளுக்கும் 52 பதிவுகளை இட்டுவிடுகிறார்கள். அப்போது ஒரே சந்தை பக்கம் பக்கமாக நிறைய, ஒருநாள் மட்டும் நடைபெறும் கைத்தறிக் கண்காட்சி எங்கோ பின்னால் போய்விடுகிறது. முதலாவது முறையில் சந்தைக்காரருக்கு நட்டம், இரண்டாவது முறையில் அயலவருக்கு நட்டம்.

தன்னாமுனையை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையில், திருகோணமலை வீதியில் வாவியை அண்டியிருக்கும் ஊர் அது. அங்கிருந்து சிறிது தூரம் எந்தப் பக்கம் போனாலும் வேறொரு நாட்காட்டி குறுக்கிடும். தன்னாமுனைக் கத்தோலிக்கரின் திருநாட்கள் திருச்சபை நாட்காட்டியைப் பின்பற்றுபவை. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வரும். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் புடவைக்கடைகள் காத்திருப்பது ஹிஜ்ரிப் பிறைக்காக. இவற்றுக்கு நடுவே சந்தைகள் கிழமை நாட்களைக் கொண்டு கூடுகின்றன. புடவை மூட்டையையோ பிளாஸ்ரிக் சாமான்களையோ ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரிக்கு இந்த நான்கு கணக்குகளும் வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருளை அப்படியே வாங்கிப் பொருத்தும் தளமோ பெரும்பாலும் கிழமையையும் ஆங்கில மாதத் திகதியையும் மட்டுமே அறியும்.

தொழில்நுட்பத்தில் வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணினி நாட்காட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறுவதற்கான ஐகலண்டர் என்னும் பொது நியமம் 1998இலேயே வெளிவந்து, 2009இல் திருத்தப்பட்டது. ‘ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்’, ‘மாதத்தின் முதல் சனிக்கிழமை’ என்ற விதிகளையும், இன்ன நாளில் மட்டும் இல்லை என்ற விதிவிலக்கையும் அதில் எழுதலாம். ஹிஜ்ரி போன்ற பிற நாட்காட்டிகளின்படி திரும்பி வரும் நாட்களையும் குறிப்பதற்கு 2015இல் அதற்கு ஒரு விரிவாக்கம் வந்தது. கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் அடக்க முயன்றால் என்னவாகும் என்பதை எமது நாடே ஒருமுறை அனுபவித்தது. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கிவிட்டு, பிறையின் நான்கு கட்டங்களுக்குரிய போயா தினங்களை வாராந்த விடுமுறையாக்கியது. பிறை ஏழு நாள் கிழமைக்குக் கட்டுப்படுவதில்லையாதலால் விடுமுறை ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு கிழமையில் விழுந்தது. வெளிநாட்டு வங்கிகளோடும் கப்பல் கம்பனிகளோடும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு அது பெரும் இடைஞ்சலாயிற்று. 1971இல் பழைய முறைக்கே திரும்பினோம். பிறைக் கணக்கில் பிழையில்லை, கிழமைக் கணக்கிலும் பிழையில்லை. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்ததே பிழை. ஹிஜ்ரி நிகழ்வை ஆங்கிலத் திகதிக்குள் பூட்டி வைக்கும் இணையத்தளமும் இதையே மறுபக்கமாகச் செய்கிறது.

ஹிஜ்ரி வருடம் சுமார் 11 நாட்கள் குறுகியது. 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக நோன்புப் பெருநாள் இரண்டு தடவை வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2030இல் ரமழான் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலும் ஆரம்பிக்கும். ‘வருடத்துக்கு ஒருமுறை, அதே திகதியில்’ என்று பதியப்பட்ட பெருநாள் சந்தை அடுத்த வருடமே பெருநாள் முடிந்த பின்னர் வந்து நிற்கும். அதுவுமன்றி, 29ஆம் நாள் மாலை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தலைப்பிறை தீர்மானிக்கப்படும்வரை எந்தக் கணினியாலும் நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே அந்தப் பதிவில் ‘பிறையைப் பொறுத்தது’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். தீர்மானம் வந்த இரவே திகதி திருத்தப்பட வேண்டும்.

கடிகாரமும் காலை வாரிவிடும். எமது நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இங்கு வெள்ளி அதிகாலை 5 மணியாகும்போது அங்கு வியாழன் இரவு 11.30. சேர்வர் அந்த நேரத்தில் ஓடினால், வெள்ளிச் சந்தையைத் தேடுபவருக்கு வியாழன் நிகழ்வுகளையே ‘இன்று’ என்று காட்டும். மரக்கறி வாங்குபவரும் விற்பவரும் அதிகம் தேடுவது அந்த அதிகாலையில்தானே!

ஆகவே விபரக்கொத்து நடத்துவோரிடம் நாம் கேட்க வேண்டியவை கடினமானவையல்ல. நிகழ்வு எப்போது ஆரம்பித்தது என்பதை விட்டுவிட்டு, அடுத்து எப்போது வருகிறது என்பதைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி கொடுங்கள். பின்வரும் நாட்களை அந்த வரிக்குள் வையுங்கள். நாளாந்தம் நடப்பவற்றைத் திறந்திருக்கும் நேரமாகத் தனியே காட்டுங்கள். இல்லையேல் ‘அடுத்த திகதி இன்று’ என்ற உரிமையில் அவையே என்றென்றும் முதலிடத்தில் குந்தியிருக்கும். போயா தினத்தில் இறைச்சிக் கடை மூடப்படுவது போன்ற விதிவிலக்குகளுக்கு இடம் வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மேலே ஏற்றுவதாயின் அது விளம்பரம் என்று எழுதுங்கள்.

‘சந்தை நாள் ஊருக்கே தெரியும், இணையத்தளம் எதற்கு?’ என்று கேட்போரும் உண்டு. ஊருக்குத் தெரியும், உண்மை. ஆனால் விடுமுறையில் வந்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும், புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தருக்கும், அடுத்த மாவட்டத்து மொத்த வியாபாரிக்கும் தெரியாது. பழைய வாடிக்கையாளர் எப்படியும் வருவார். வியாபாரம் வளர்வது புதியவரால்தான்.

எமது பக்கத்திலும் கடமை இருக்கிறது. ஒருமுறை பதிந்துவிட்டு வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காதவர் வரிசையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நின்றுபோன சந்தை பட்டியலில் தொடர்ந்து இருந்தால், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து வெறும் வளவைப் பார்த்துத் திரும்பும் வாடிக்கையாளர் அடுத்த முறை எமது உண்மையான அறிவித்தலையும் நம்பமாட்டார். ஆகவே மாதம் ஒருமுறையாவது ‘இன்னும் நடக்கிறது’ என்று உறுதிப்படுத்துவோம். உறுதிப்படுத்தாத பதிவைக் கீழே இறக்கும் தளத்தைக் கோபிக்காமல் வரவேற்போம். வர்த்தக சங்கங்களும் பிரதேச சபைகளும் தத்தமது சந்தை நாட்களை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கடை வாசலில் எதை முன்னால் தொங்கவிடுவது என்பதை எந்த முதலாளியும் பிறரிடம் விடுவதில்லை. இணையத்தில் எமது வாசல் அந்த வரிசைதான்.