மாற்றியவர்க்கே மீட்கும் கடன்

தச்சன் ஒருவன், வீட்டுக்காரர் உறங்கும் வேளையில் உள்ளே புகுந்து, பழைய கதவைக் கழற்றிப் புதிய கதவொன்றைப் பொருத்திவிட்டு, "இது முன்னதினும் உறுதியானது, உங்கள் நன்மைக்கே செய்தேன்" என்று கூறுவானாயின், வீட்டுக்காரர் கேட்கும் முதல் வினா "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்பதாகவே இருக்கும். புதுக்கதவு திறக்கவே மறுக்குமாயின், அடுத்த வினா "என் பழைய கதவு எங்கே?" என்பதாகும். எவ்வளவு எளிய வினாக்கள்! ஆயினும், கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றியமைக்கும் பெருநிறுவனங்களிடம் இவ்விரண்டையும் கேட்பார் மிகச் சிலர். கேட்டு விடை பெற்றார் அவரினும் சிலர்.

இயங்குதளத்திற்குத் திருத்தமே வேண்டா என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. 2017 மார்ச்சுத் திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் காப்புத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. அதனை இட்டுக்கொள்ளாது விட்ட பொறிகளுக்குள்ளேதான், அவ்வாண்டு மே 12ஆம் நாள், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் புகுந்து பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல, வந்த நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆகலின், வழக்கு திருத்தத்தின்மேல் அன்று. தவறான திருத்தம் ஒன்று உட்புகுந்துவிட்டால், பின்வாங்கும் வழியைத் திறந்துவைக்கும் கடன் யாருடையது என்பதன்மேலேயே வழக்கு.

2018 அக்டோபர் 2ஆம் நாள், விண்டோசு 10 இயங்குதளத்தின் 1809 எனக் குறியிடப்பட்ட பதிப்பு வெளிவந்தது. தாமே தேடிச்சென்று முதலில் அதனை இட்டுக்கொண்டவர்கள் ஆர்வலர்கள். அவர்களுள் சிலர் பொறியை மீளத் தொடங்கியபோது, ஆவணங்களும் படங்களும் இருந்த கோப்புறைகளில் ஒன்றுமில்லை. சில நாள்களிலேயே நிறுவனம் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. நவம்பர் 13ஆம் நாளே அது மீண்டும் வெளிவந்தது.

நடந்தது இதுதான். சிலர் தம் ஆவணக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியமைத்திருந்தனர். அதற்கு அவ்வியங்குதளமே வழி தந்திருந்தது. இடம் மாற்றிய பின்னும் பழைய கோப்புறை பழைய இடத்தில் அப்படியே நின்றது. சிலர்க்கு அதனுள் கோப்புகளும் எஞ்சியிருந்தன. முந்தைய ஏப்பிரல் பதிப்பில் ஒரே கோப்புறை இரண்டாகத் தோன்றுகிறதெனக் குறை எழவே, மிகையாய் நிற்கும் வெறுங்கோப்புறைகளைத் துப்புரவாக்கும் கட்டளை ஒன்றைப் புதிய பதிப்பில் சேர்த்தனர். அக்கட்டளையோ, உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமலே நீக்கிற்று. களை பறிக்க வந்தவன் பயிரையும் சேர்த்துப் பறித்துப் போட்டுவிட்டான்!

இழப்பு முறையீடுகள் பத்தாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவினவே என்று நிறுவனம் அறிவித்தது. எண் சிறிதாகலாம். பத்தாண்டுப் படங்களை இழந்து நிற்கும் ஒருவர்க்கு, அவரளவில் அது நூற்றுக்கு நூறு. இதனினும் கொடுமை ஒன்றுண்டு. வெளியீட்டுக்கு முன்னரே ஆய்வுப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர், இதே இழப்பை நிறுவனத்தின் குறைகேட்பகத்தில் எழுதியிருந்தனர். ஆனால், எக்குறைக்கு ஒப்போலை மிகுதியாக விழுகிறதோ அதுவே அங்கே கண்ணிற்பட்டது. சிலர்க்கே நேர்ந்த பேரிழப்பு, பலர்க்கு நேர்ந்த சிறு தொல்லைகளின் அடியிற் புதையுண்டது. குறை எத்துணைக் கடுமையானது என்று குறித்துக்காட்டும் வழியை, கோப்புகள் அழிந்த பின்னரே அதில் சேர்த்தனர்.

கோப்பிழந்தோர் சிலர் பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தனர், கோப்புகள் திரும்பவில்லை. ஏனெனின், இயங்குதளத்தை மீட்பது வேறு, கோப்பை மீட்பது வேறு. புதிய பதிப்பு ஏறும்போது பழைய இயங்குதளம் தனியே ஒரு கோப்புறையில் ஒதுக்கிவைக்கப்படுகிறது. பின்வாங்கினால் அதுவே மீண்டும் முன்னே வந்து நிற்கும். ஆனால், பயன்படுத்துவோரின் சொந்தக் கோப்புகளுக்கு அங்கே படி எடுத்து வைப்பதில்லை. அழிந்தது அழிந்ததே. வட்டிலிருந்து ஒரு கோப்பை நீக்கும்போது உண்மையில் நீங்குவது அதன் பதிவுக்குறிப்புத்தான்; உள்ளீடு, வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை கிடக்கும். இதனாலேயே, இழப்புற்றோர் பொறியை இயன்றவரை பயன்படுத்தாமல் வைக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. பதறிப்போய் உடனே பின்வாங்குவதும் ஓர் எழுத்துவேலையே. எஞ்சிக் கிடந்ததன்மேலும் அது எழுதிவிடக்கூடும். இக்காலத்துத் திண்மநிலை வட்டுகளிலோ, நீக்கிய இடத்தை வட்டே துடைத்துவிடுவதால் அச்சிறு வாய்ப்பும் குறைவு.

இனி, பின்வாங்குவதற்குத் தந்த காலத்தைப் பாருங்கள். விண்டோசு 10 வெளிவந்த 2015இல் அது 30 நாள். 2016இல் அதனைப் பத்து நாளாகக் குறைத்தனர். பின்வாங்குவோரிற் பெரும்பாலார் முதற் சில நாள்களிலேயே பின்வாங்கிவிடுகின்றனர் என்றும், வட்டில் இடம் மிச்சப்படும் என்றும் அதற்குக் கரணியம் கூறப்பட்டது. ஆண்டுக்கொருமுறை கணக்கு முடிக்கும் கடைக்காரர், தம் கணக்கு மென்பொருள் புதிய தளத்தில் ஓடவில்லை என்பதைப் பத்து நாளுக்குள் எங்ஙனம் அறிவார்? விண்டோசு 10இன் பொதுத் துணை 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பத்து நாள் வரம்பு மட்டும் விண்டோசு 11இலும் தொடர்கிறது.

"யாரைக் கேட்டு?" என்னும் வினாவுக்கும் சான்று உண்டு. 2016இல், விண்டோசு 10க்கு மாறச்சொல்லி வந்த அறிவிப்பை மூலையிலுள்ள மூடுகுறியை அழுத்தி மூடியவர்க்கும், குறித்த நாளில் மாற்றம் நிகழ்ந்தது. கதவைச் சாத்தியதையே 'வருக' என்றதாகக் கொண்ட புதுமை! கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்திய ஒருவர், தாம் இசையாத மாற்றத்தால் பொறி கெட்டதென வழக்காடி 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். இயங்குதளத்தின் எளிய வீட்டுப் பதிப்பை வைத்திருப்போர்க்குத் திருத்தங்களை 35 நாள் வரை தள்ளிவைக்கும் உரிமை கிடைத்தது 2019 மே பதிப்பிலேதான்.

2024 சூலை 19ஆம் நாள் உலகை நிறுத்தியது இயங்குதளத் திருத்தம் அன்று. அதன் உள்ளகத்தோடு ஒட்டி இயங்கும் கிரவுட்சுட்ரைக் என்னும் நிறுவனத்தின் காப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பு. விளைவு ஒன்றே. அக்கோப்பு பரவிய நேரம் 78 மணித்துளி. அதற்குள், மைக்ரோசாப்ட்டின் கணக்குப்படி 85 இலக்கம் பொறிகள் எழுவதும் வீழ்வதுமாகச் சுழன்றன. இந்திய வானூர்தி நிலையங்களில் ஏறுசீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். கேடு நொடியில் வந்தது. மீட்போ பெரும்பாலும் ஆள்கையால், ஒவ்வொரு பொறியாக நடந்தது. பொறியைக் காப்புநிலையில் எழுப்பி, பிழைக்கோப்பைத் தேடி நீக்கி, மீளத் தொடங்கவேண்டும். வட்டு பிட்லாக்கர் பூட்டுக்குள் இருந்தால், அதற்கு முன் 48 இலக்கத் திறவெண்ணையும் இடவேண்டும். அவ்வெண்ணை அப்பொறியிலேயே சேர்த்து வைத்திருந்தவர் நிலை, பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் நிலை. இதன் பின்னரே, எழமாட்டாத பொறி வலைவழித் தானாகவே மருந்து பெறும் முறையை மைக்ரோசாப்ட் 2024 நவம்பரில் அறிவித்து, 2025இல் விண்டோசு 11க்குத் தந்தது.

இயலாததால் செய்யவில்லை என்று எவரும் கூறவியலாது. கூகுள் 2016இல் வெளியிட்ட ஆண்டிராய்டு 7இலேயே இரட்டையிட முறை வந்துவிட்டது. கைப்பேசியில் இயங்குதளத்திற்கு இரண்டு இடங்கள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். மீளத் தொடங்கும்போது புதியது எழாவிட்டால், பொறி தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். அதுவும் முழு உரிமையன்று. புதியது எழுந்து நின்றுவிட்டால், பிடிக்கவில்லை என்பதற்காகப் பழையதற்குத் திரும்ப உரியவர்க்கு வழியில்லை. ஆயினும், வீழ்ந்தால் தாங்கும் கை ஒன்றை முன்கூட்டியே வைத்தனர்.

நிறுவனம் திருந்தும்வரை உரியவர் வாளா இருத்தலும் தகாது. சொந்தக் கோப்புகளுக்குப் படியெடுத்து, பொறியோடு இணைக்காத தனி வட்டில் வைத்தல் வேண்டும். பூட்டின் 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். பெரும்பதிப்பு வந்த அன்றே அதனை ஏற்றும் ஆசையை அடக்குதல் வேண்டும். ஆனால், இவற்றைச் செய்யாதவர் மேல் முழுப்பழியையும் போடுதல் நேர்மையன்று. வீட்டுக்காரர் தூங்கினார் என்பது, கதவைக் கழற்றியவனின் கடனைத் தீர்த்துவிடாது.

விண்டோசில் அப்பத்து நாளை 60 நாள் வரை நீட்டிக்கும் கட்டளை ஒன்று 2018 முதலே உண்டு. கட்டளைத் திரையைத் திறந்து, அதனைப் பிழையின்றித் தட்டெழுதத் தெரிந்தவர்க்கே, அதுவும் பத்து நாள் கழிவதற்குள், அது பயன்படும். எளியோர் திறந்து பார்க்கும் அமைப்புப் பக்கத்தில் அதற்கென ஒரு வரியும் இல்லை. அவ்வரியைச் சேர்ப்பதற்குப் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.