மடி கட்டிய ஆடும் சூடேற்றிய கார்டும்

 

மத்ரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும்போது கிதாபில் வரும் உதாரணங்களைச் சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. குதிரை, கழுதை, கோதுமைக் குவியல், ஆட்டுப் பால்! "ஹஸரத், இதெல்லாம் இப்ப யாரு வாங்குறா?" என்று ஒருவன் கேட்டும் விட்டான். அவனுக்குரிய பதில் என் வீட்டு விறாந்தையிலேயே கிடைத்தது.

என் தங்கையின் மகன் கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவன். கணனிக்கென கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை, மூன்று வருட உத்தரவாதத்துடன், புத்தம் புதிதாக வாங்கினான். விபரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திரையில் படங்களை உருவாக்கும் வேலையைத் தனியே பொறுப்பெடுத்துச் செய்யும் தகடு அது. தனக்கெனச் சொந்தமாக விசிறியும் வைத்திருக்கும். விலையோ சில வேளை முழுக் கணனியின் பாதியை விழுங்கி விடும். பதினான்காம் மாதம் திரையில் நிறப் புள்ளிகள் தோன்றின, பிறகு கோடுகள், பிறகு ஒரே இருட்டு.

கடைக்குக் கொண்டு போனான். பரீட்சித்துப் பார்த்து, "சிப் எரிந்திருக்கிறது. அதற்கு உத்தரவாதம் இல்லை" என்று திருப்பிக் கொடுத்து விட்டார்கள். பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், சிப் எரிதல், துரு, உடைவு, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இடி மின்னல் எதற்கும் பொறுப்பில்லை என்றிருந்தது. ஒரு வருடம் என்பது 350 நாட்களாம்! மீதிப் பதினைந்து நாட்களும் எந்தக் கலண்டரில் தொலைந்தனவோ, நானறியேன்.

வாசகர்களே, நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இந்த விடயத்தில் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். பொருளில் விற்கும் முன்பே இருந்த குறை பின்னர் தெரிய வந்தால், அதை வைத்துக் கொள்ளவோ, திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. இதற்கு கியாருல் ஐப் என்று பெயர். கைக்கு வந்த பின் ஏற்பட்ட குறைக்குப் பொதுவாக இந்த உரிமை இல்லை. ஆனால் அக்குறைக்கான காரணம் முன்பே இருந்திருந்தால் அது விற்றவரின் பொறுப்பே என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் போன்ற கிதாபுகளில் காணலாம். தொழிற்சாலையில் ஈயப் பற்று பலவீனமாக வைக்கப்பட்டு, சூடாகியும் ஆறியும் பதினான்கு மாதத்தில் வெடித்த கார்டுக்கு இது எவ்வளவு பொருத்தம்!

"எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று நிபந்தனை போட்டு விற்றால் என்ன என்று கேட்பீர்கள். அந்த நிபந்தனை உயிருள்ள பிராணியில், விற்பவருக்கே தெரியாத உள்குறையில் இருந்து மாத்திரமே அவரைக் காப்பாற்றும் என்பதுதான் நம் மத்ஹபின் வலுவான கருத்து. கார்ட் பிராணி அல்லவே.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. குறை பழையதா, புதியதா என்று இருவரும் தர்க்கித்து, இரண்டுக்கும் சாத்தியம் இருந்தால், சத்தியத்துடன் விற்றவர் சொல்வதே ஏற்கப்படும். வியாபாரிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் அமானிதம் இது. "சிப் எரிந்து விட்டது" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறவர், அந்தச் சத்தியத்தின் இடத்தில் நின்றுதான் அதைச் சொல்கிறார்.

வாங்குகிறவர்களும் சுத்தத் தங்கம் அல்லர். குறை தெரிந்த பிறகு தாமதியாமல் திருப்ப வேண்டும், பாவித்துக் கொண்டிருந்தால் உரிமை போய்விடும் என்பதும் சட்டமே. என் மருமகன் கோடுகள் தெரிந்த பின்பும், ஒரு கலியாண வேலையை முடிப்பதற்காகப் பதினொரு நாட்கள் அதை ஓட்டியிருக்கிறான். என்னிடம் அதை மெதுவாகத்தான் சொன்னான். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக வறுத்தெடுத்த கார்டை, சும்மா விளையாட மட்டும் பாவித்ததாகச் சொல்லி மாற்றிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் குறைப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றி அவ்வகைத் தோண்டலை நிறுத்திய பின், அப்படி உழைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்து சேர்ந்தன. கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டால் யாருக்குத் தெரியும்?

இனித்தான் ஆட்டுக் கதை. கடை கைவிட்டதும் மருமகனின் கூட்டாளி ஒருவன் யோசனை சொன்னான்: "அவனில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும், மச்சான். ஒரு மாசமாவது ஓடும். அதுக்குள்ள வித்துப் போடு." இது பொய்யல்ல. சூட்டினால் உள்ளே விட்டுப்போன இணைப்பு சில வேளை தற்காலிகமாகச் சேர்ந்து கொள்ளும். மறுபடி சில நாட்களிலோ வாரங்களிலோ விட்டுப் போகும். ஆட்டின் மடியைக் கட்டிச் சில நாட்கள் கறக்காமல் விட்டு, பால் நிரம்பியதாகக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக் கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பி, அவனுக்குள் வைத்த கார்டுக்கும் மடி கட்டிய ஆட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை.

இது நம் நாட்டுக் கடைகளில் மட்டும் உள்ள வியாதி என்று எண்ணி விடாதீர்கள். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணனிகளுக்கு விற்ற சில சிப்புகளின் மூலப்பொருளில் இருந்த பலவீனத்தால் அவை வழமையை விடக் கூடுதலாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, திருத்தச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு 2010 இல் இணக்கம் ஏற்பட்டது. டெல், அப்பிள் மடிக்கணனிகளைத் திருத்திக் கொடுத்தார்கள். எச்பி கணனி வைத்திருந்தவர்களுக்கோ மாற்றாக ஒரு மலிவான கொம்பெக் கணனி! விலையுயர்ந்ததைக் கொடுத்து விட்டு இதையா வாங்குவது என்று பலர் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அங்கே எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். பற்றுச்சீட்டும் பெட்டியும் தொடரிலக்க ஸ்டிக்கரும் கைவசம் இருக்கட்டும். கடையில் ஒப்படைக்கும்போது நாலாபுறமும் படம் எடுத்து, திகதியிட்ட துண்டும் வாங்கிக் கொள்ளுங்கள்.

நான் அதிகார சபைக்குப் போகவில்லை. மருமகனுடன் அந்தக் கடைக்கே போனேன். "சிப் எரிந்ததாக உங்கள் கடிதத் தலைப்பில் எழுதி ஒப்பம் வைத்துத் தாருங்கள்" என்று மட்டும் கேட்டேன். திருத்துகிற தம்பி என் தாடியையும் தொப்பியையும் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். கார்டின் திருகாணி மேல் ஒட்டியிருந்த முத்திரை கிழியாமலே இருந்தது. அதைக் கழற்றாமல் உள்ளிருக்கும் சிப்பை யாராலும் பார்க்க முடியாது. "ஹஸரத், நான் தொறந்து பார்க்கல்ல. இப்படி வந்தா அப்படிச் சொல்லச் சொல்லித்தான்..." என்று பாதியில் நிறுத்திக் கொண்டார். முதலாளி கார்டை வாங்கி மேசைக்குள் வைத்தார். ஏஜன்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

பதினொரு நாட்கள் ஓட்டிய கதையை மருமகன் அங்கேயே தன் வாயால் சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. முதலாளி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஏழு வாரங்கள் கழித்து அதே பெயருடைய கார்ட் ஒன்று வந்தது. விசிறி இதழ்களில் யாருடைய வீட்டுத் தூசியோ படிந்திருந்தது. அந்த ஏழு வாரத்தில் மூன்று கலியாண வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. வந்த கார்ட் இதுவரை ஓடுகிறது. பழையதற்கு மிஞ்சியிருந்த உத்தரவாதக் காலம்தான் இதற்கும் என்றார்கள். அதையாவது பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார்கள்.