நூல் யாருடையது?

முதுகலைத் தமிழ் படித்த பெண் ஒருத்தி ஆடை வடிவமைப்புக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆசிரியர் அறைகளில் ஒரு சிரிப்பு எழும். சினிமாச் செய்தி சேனலில் வேலை கிடைத்திருக்கிறது என்றால் அந்தச் சிரிப்பும் எழாது. “இவ்வளவு படிச்சு இதுக்கா?” என்று யாராவது முனகுவார்கள். அதே பெண் வங்கித் தேர்வு எழுதப் போனால் இந்தக் கேள்வி வராது. வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது, யார் வீட்டை ஜப்தி செய்கிறது என்று எந்தப் பேராசிரியரும் விசாரிப்பதில்லை. துணியையும் ஊர்ப்பேச்சையும் தொட்டுப் பிழைக்கிறவள் மட்டும்தான் ஒழுக்கச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கிறது.

பெண்ணியம் பேசுகிற நம் கூட்டங்களிலும் இதே முகச்சுளிப்பைப் பார்க்கிறேன். ஃபேஷன் என்றால் பெண்ணுடலைச் சந்தைக்குக் கொண்டுபோவது, கிசுகிசு என்றால் பெண்ணைச் சந்திக்கு இழுப்பது என்று இரண்டு வரியில் வழக்கை முடித்துவிடுகிறோம். இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கூண்டில் ஏற்றுவது யாரை? வெட்டுமேசையில் குனிந்து நிற்பவளையும் கேமரா முன் உட்கார்ந்து செய்தி சொல்பவளையும். முதலாளியைச் சாட்சியாகக்கூட நாம் அழைப்பதில்லை.

துணியும் பேச்சும் பெண்களின் சில்லறைக் காரியங்கள் என்று காலங்காலமாக ஒதுக்கி வைக்கப்பட்டன. அவை காசு புரளும் தொழில்களாக வளர்ந்தபோது கல்லாவில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்குக் கூலியும் பழியும் மிஞ்சின. இந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் ஃபேஷனையும் கிசுகிசுவையும் திட்டுவது பெண்ணியம் ஆகாது என்பதுதான் என் வாதம்.

*

நான் இலக்கணம் நடத்துகிறவள். புத்தகத்துக்கு நூல் என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு நன்னூலின் பாயிரத்தில் ஒரு விளக்கம் உண்டு. சொல்லைப் பஞ்சு என்கிறார் பவணந்தி. புலவனை நூற்கும் பெண் என்கிறார். அவள் கைக்கு இணையாக அவன் வாயையும், அவள் கையிலுள்ள கதிருக்கு இணையாக அவன் அறிவையும் வைக்கிறார். அழகான உருவகம். ஒவ்வோர் ஆண்டும் இதை நடத்தும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: உருவகத்துக்குத் தன் உழைப்பைக் கொடுத்த அந்தப் பெண் எங்கே போனாள்? புத்தகம் புலவனுக்கு, கதிர் அவளுக்கு. நற்றிணையில் ஆண் துணையற்ற பெண்கள் உழைத்து நூற்ற மெல்லிய நூல், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. புறநானூற்றில் பருத்திப் பெண்டு இரவில் சிறு விளக்கொளியில் வேலை செய்கிறாள். பெயர் இல்லை. நம் மொழி அவளுடைய வேலையை மெச்சிக்கொண்டே அவளை அடையாளமற்றவளாக வைத்திருக்கிறது.

இந்தியத் திரைத் துறையிலும் இதுதான் நடந்தது. பானு அதையா கோலாப்பூரில் பிறந்தவர், மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். பெண்கள் பத்திரிகைகளுக்கு ஆடைச் சித்திரங்கள் வரைந்துதான் தொழிலைத் தொடங்கினார். ‘இலேசான’ பெண்கள் பத்திரிகை ஒன்றின் பக்கத்திலிருந்து ஒருத்தி சினிமாவுக்குள் நுழைந்தாள் என்பதை நினைவில் வையுங்கள். 1956-இல் ‘சி.ஐ.டி.’ படத்துக்கு ஆடை வடிவமைத்தார். ‘காந்தி’ படத்துக்காக 1983-இல் ஜான் மோலோவுடன் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் வென்ற முதல் இந்தியர் அவர். அந்த ஆண்டு வரை நம் தேசியத் திரைப்பட விருதுகளில் ஆடை வடிவமைப்புக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அது சேர்க்கப்பட்டது. உலகம் பரிசு கொடுத்த பிறகுதான் அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு என்பது வீட்டுக்குத் தெரிந்தது. தனக்குப் பின் அந்தச் சிலை பத்திரமாக இருக்க வேண்டும் என்று 2012-இல் அதை ஆஸ்கர் அகாதெமியிடமே ஒப்படைத்தார். நாட்டின் முதல் ஆஸ்கரை நம்பி விட்டுப்போக நாட்டில் ஓர் இடம் அவர் கண்ணில் படவில்லை.

தமிழில் ‘பரதேசி’ படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருதைப் பெற்றார். பட்டும் ஜிகினாவும் அதில் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குக் கொத்தடிமைகளாகப் போன மக்களின் கந்தல் அது. கந்தலை வடிவமைப்பதற்கு வரலாறு தெரிய வேண்டும், சாதி தெரிய வேண்டும், எந்த உழைப்பில் துணி எந்த இடத்தில் முதலில் கிழியும் என்று தெரிய வேண்டும். ‘ஹே ராம்’ படத்துக்கு இதே விருதைப் பெற்றவர் சரிகா. அவருடைய மண வாழ்க்கையைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு தகவல் சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும். இந்த விருதைச் சொன்னால் “அப்படியா?” என்பார்கள்.

திறமை இருந்தும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இதைவிட அதிகம். மும்பைத் திரைத் துறையில் ஆடை, ஒப்பனை, தலையலங்காரக் கலைஞர்களுக்கான சங்கம் பல பத்தாண்டுகளாக ஒரு விதியை வைத்திருந்தது. பெண்ணுக்குத் தலையலங்கார அட்டை தரலாம், ஒப்பனைக் கலைஞர் அட்டை தரக் கூடாது. பெண்கள் வந்தால் ஆண்களின் பிழைப்புப் போய்விடும் என்பது காரணம். பெண் முகத்துக்குப் பொட்டு வைக்கும் வேலையைக்கூடப் பெண் செய்யக் கூடாது என்று ஒரு தொழிற்சங்கம் சட்டம் போட்டிருந்தது. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லாது என்றது. ஒப்பனை பெண்களின் வேலை என்று நம்மைக் கேலி செய்கிற நாட்டில், அந்த வேலையை வாங்க நாம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

*

ஃபேஷனில் முன்னேறிய பெண்களைக் கொண்டாடும் பத்திரிகைப் பேட்டிகள் இங்கேதான் நிற்கின்றன. சாதித்தாள், பூட்டிக் திறந்தாள், விருது வாங்கினாள். அந்தப் பூட்டிக்கின் பின்னறையில் பீஸ் ரேட்டுக்கு ஆரி வேலை செய்பவளின் கண் எப்படி இருக்கிறது என்று பேட்டியாளர் கேட்பதில்லை. சென்னை தரமணியில் 1995-இல் நிஃப்ட் வந்தது. அங்கே படித்து வெளிவரும் பெண்ணும், திருப்பூரிலோ திண்டுக்கல்லிலோ மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் ஒரே துணியின் இரு ஓரங்கள். ஒருத்தி வரைகிறாள், இன்னொருத்தி தைக்கிறாள். நடுவில் இருக்கும் வகுப்பும் சாதியும் இருவரும் பேசிக்கொள்ள விடுவதில்லை.

‘சுமங்கலி’ என்று மங்கலப் பெயர் வைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தமாகப் பணம், அதில் கல்யாணம் என்று ஆசை காட்டி, வளரிளம் பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்து வைத்தது இந்த மண்ணில்தான். நன்னூல் காட்டிய அதே நூற்கும் பெண். இப்போது அவளுக்கு ஷிஃப்ட் உண்டு, வெளியே போகச் சுதந்திரம் கிடையாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்திய தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் உலக பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பாலியல் துன்புறுத்தலைக் கண்காணிக்கத் தொழிலாளர்களே பயிற்சி பெற்று மேற்பார்வை செய்யும் ஏற்பாடு அது. ஃபேஷன் துறையில் தமிழ்ப் பெண்கள் செய்த பெரிய சாதனை எது என்று கேட்டால் எந்த ராம்ப் வாக்கையும் நான் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன்.

*

இனி பேச்சு. கிசுகிசு பெண்களின் நோய் என்று சொல்வோருக்கு ஒரு வரலாற்றை ஞாபகப்படுத்த வேண்டும். தமிழ் சினிமாவின் முதல் பெரிய கிசுகிசு வியாபாரி லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ என்று பத்திரிகை நடத்தி நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சேற்றினார். 1944 நவம்பரில் அவர் கொலையானார். வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலை பெற்றார்கள். ஆண் எழுதி, ஆண் அச்சிட்டு, ஆண்கள் வாங்கி வாசித்த பத்திரிகைகள் அவை. அப்போது யாரும் அதைப் பொம்பளைப் பேச்சு என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் பெண்கள் பெயரெடுத்தது ஹாலிவுட்டில். லூயெல்லா பார்சன்ஸும் ஹெட்டா ஹாப்பரும் பத்தி எழுதினால் ஸ்டூடியோக்கள் நடுங்கின. ஆனால் பார்சன்ஸின் பேனாவுக்குப் பின்னால் ஹெர்ஸ்டின் பத்திரிகைச் சாம்ராஜ்யம் இருந்தது. 1949 இறுதியில் இங்க்ரிட் பெர்க்மனின் கர்ப்பத்தைப் பார்சன்ஸ் செய்தியாக்கினார். பெர்க்மனை அமெரிக்க செனட்டிலேயே கண்டித்துப் பேசினார்கள். அவர் பல ஆண்டுகள் ஹாலிவுட்டை விட்டு விலகியிருந்தார். மும்பையிலும் இதே ஏற்பாடுதான். 1971-இல் தொடங்கிய ‘ஸ்டார்டஸ்ட்’ இதழின் முதல் ஆசிரியர் இருபதுகளில் இருந்த ஷோபா டே, முதலாளி நாரி ஹிரா. கூர்மையான மொழி அவளுடையது, இதழ் அவனுடையது.

இன்று தமிழில் இது யூடியூப்புக்கு வந்திருக்கிறது. என் பழைய மாணவி ஒருத்தி அப்படியொரு சேனலில் இருக்கிறாள். நடிகையின் பிறந்தநாள் படத்தில் கணவர் இல்லை என்றால் ‘விவாகரத்தா?’ என்று தலைப்பு வைக்க வேண்டும். கேள்விக்குறி போட்டுவிட்டால் வழக்கு வராது என்பது மேலிடத்து அறிவுரை. தலைப்பை முடிவு செய்வது வேறொருவர். திரையில் தெரிவது அவள் முகம். கமெண்ட்டில் வசை வாங்குவதும் அவள்தான். விளம்பரப் பணம் எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லப்படுவதில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று இங்கே நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் பெண் அம்பு அல்ல. அவளுக்கு மூளை உண்டு, மறுக்கவும் தெரியும். ஆகவே அவளிடம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு: நீ யாரைப் பற்றிப் பேசுகிறாய், யாரைப் பற்றி வாய் திறப்பதில்லை?

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அம்பல் மொட்டு, அலர் மலர் என்பார்கள் உரைகாரர்கள். முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், ஊரறிந்தால் அலர். அலர் எழுந்ததும் தலைவியை வீட்டில் அடைப்பார்கள், அதற்கு இற்செறிப்பு என்று இலக்கணப் பெயரே உண்டு. தலைவனை அடைத்ததாக ஒரு துறையும் கிடையாது. நம் கிசுகிசுவின் இலக்கணமும் இதுதான். ‘மூன்றெழுத்து நடிகை’ என்று குறிப்புக் கொடுத்துப் பெண்ணைக் காட்டுவார்கள், கூட இருந்தவர் வெறும் ‘பிரபலம்’ ஆகிவிடுவார். 2009 அக்டோபரில் ஒரு தமிழ் நாளிதழ் நடிகைகள் பலரின் பெயரையும் படத்தையும் போட்டு அவதூறு வெளியிட்டது. செய்தி ஆசிரியர் கைது செய்யப்பட்டபோது பத்திரிகைச் சுதந்திரம் போயிற்று என்ற குரல் எழுந்தது. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி தன் சொந்தப் பெயரில், செல்வாக்குள்ள ஒருவரைப் பெயர் சொல்லிப் புகார் சொன்னார். வதந்திக்கு ஒருநாளும் ஆதாரம் கேட்காதவர்கள் அன்றைக்கு ஆதாரம் கேட்டார்கள். அடுத்த மாதமே டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் அவருடைய உறுப்பினர் உரிமை போனது. சந்தா பாக்கி என்றது சங்கம்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. பெண்கள் காதோடு காதாகச் சொல்வதைக் கண்டு இந்தத் துறை பயப்படுகிறது. “அந்த ஆபீசுக்குத் தனியா போகாதே” என்று ஒரு துணை நடிகை இன்னொருத்தியிடம் சொல்வதும் அம்பல்தான். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. யார் யாரிடம் என்ன செய்தார் என்பதைக் கவனித்து, நினைவில் வைத்து, சொல்லத் தெரிந்திருப்பது ஓர் அறிவு. அந்த அறிவை முதலாளி விலைக்கு வாங்கி நடிகையின் இடுப்பின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறான். அதைச் சம்பளம் கொடுக்காத தயாரிப்பாளர் பக்கமும், உடை மாற்ற ஒரு மறைவான இடம்கூட இல்லாத படப்பிடிப்பின் பக்கமும் திருப்புவதுதான் இந்தத் தொழிலுக்குப் போகிற பெண்ணின் வேலை.

ஆகவே மாணவிகளே, போங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஆடை வடிவமைக்கப் போகிறவள் எழுத்தில் ஒப்பந்தம் கேட்கட்டும், வரைபடத்தின் உரிமை யாருக்கு என்று அதில் இருக்கட்டும். டைட்டிலில் தன் பெயரைக் கேட்கும்போது உதவியாளர், கட்டிங் மாஸ்டர், ஆரி வேலைக்காரி பெயர்களையும் சேர்த்துக் கேட்கட்டும். சினிமாச் செய்திக்குப் போகிறவள், பெயர் சொல்லி எழுதத் துணிவில்லாததைக் குறிப்புக் கொடுத்தும் எழுத மாட்டேன் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளட்டும். அதனால் வேலை போகலாம். அப்படிப் போனால் பக்கத்தில் நிற்க ஒரு சங்கம் வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பு வகுப்பறையில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் உண்டு. இலக்கணத்தோடு கூலிச் சட்டத்தையும் பதிப்புரிமையையும் சொல்லித்தர எங்களுக்கு யார் தடை?

ஆடையை உருவாக்கியவளின் பெயர் அதில் இருக்க வேண்டும். கிசுகிசுவை விற்றுக் காசாக்குகிறவன் பெயரும் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்காத வரை நம் கண்டனம் எல்லாம் ஏழைப் பெண்ணின் பிழைப்பைப் பற்றிய இன்னொரு அலர்தான்.