விலையில்லாச் சாவு

ஒரு ஜப்பானியக் கார்ட்டூனைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம். அது அவர்களை நிச்சயம் தொந்தரவு செய்யாது.

'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி', அதாவது அந்திச் சிள்வண்டுகள் அழும் வேளையில். ரியூகிஷி07 என்ற புனைபெயர்க்காரர் 2002லிருந்து 2006வரை பகுதி பகுதியாக, கணினியில் வாசிப்பதற்கென்று எழுதிய கதை. பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. சொந்தத் தயாரிப்பு; காமிக்கெட் சந்தையில் கடை போட்டு விற்றது. சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கு இந்தச் சங்கதியை விளக்க வேண்டியதில்லை. ஸ்டூடியோ டீன் இதை 2006லும் 2007லும் இரண்டு தொடர்களாக, 50 பகுதிகளில் படமாக்கியது. கதை அங்கே முடிந்தது. முடியவேண்டிய விதத்திலேயே முடிந்தது. பிறகு 2020லும் 2021லும் வேறொரு ஸ்டூடியோ 'கோ', 'சோட்சு' என்ற பெயர்களில் 39 பகுதிகளைச் சேர்த்தது. என் சண்டை இந்த 39ஓடுதான்.

ஹினாமிசாவா என்ற மலைக்கிராமம். 1983 ஜூன். ரிகா என்ற சிறுமி மீண்டும் மீண்டும் கொல்லப்படுகிறாள். மீண்டும் மீண்டும் அதே மாதத்துக்குத் திரும்புகிறாள். நூறு வருஷ அலைச்சல். ஆனால் ஒவ்வொரு திரும்புதலுக்கும் அவள் விலை கொடுக்கிறாள். திருப்பி அனுப்பும் சக்தி தேய்ந்துகொண்டே போகிறது, கிடைக்கிற அவகாசம் சுருங்குகிறது, மனம் மரத்துப்போகிறது. பார்க்கிற நமக்குள் ஏறுகிற பயம் ரத்தத்தால் வந்ததல்ல, இந்தக் கணக்கால் வந்தது.

இரண்டாம் தொடரில் ஓர் இடம் உண்டு. சடோகோ என்ற பெண்ணைச் சிற்றப்பன் அடித்து வதைக்கிறான். அவள் குடும்பம் அணைத் திட்டத்தை ஆதரித்ததால் ஊரே ஒதுக்கிவைத்த குடும்பம். அவளுடைய நண்பர்கள் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு மனுவோடு போகிறார்கள். அதிகாரிகள் தட்டிக்கழிக்கிறார்கள். மறுநாள் இன்னும் அதிகம் பேரோடு போகிறார்கள். கடைசியில் ஒதுக்கிவைத்த ஊரே திரண்டு வருகிறது. பேயும் சாபமும் பேசிய கதை, ஓர் அரசாங்க அலுவலகத்து மேஜைக்கு முன்னால் நின்று, பயத்தின் உண்மையான ஊற்றைக் காட்டிவிடுகிறது: ஊர் பேசாமல் இருந்ததுதான் சாபம். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, 'நாளைக்கு வாங்க' என்று மாசம் நூறு தடவை சொல்கிற வங்கிக் குமாஸ்தா நான். அந்தக் காட்சி என்னைச் சும்மா விடவில்லை.

புதிய தொடர் இதை என்ன செய்கிறது? அதே மனு, அதே அலுவலகம், அதே கூட்டம். ஆனால் இந்த முறை சிற்றப்பன் திருந்திவிட்டவன். சடோகோ சொல்வது பொய். ஊர் திரண்டது அவளுடைய சூழ்ச்சிக்கு உதவத்தான். அடிபட்ட குழந்தையின் வாக்குமூலத்தை நம்பு என்று சொன்ன கதை, அதே குழந்தையைப் பொய்சாட்சி ஆக்கிவிட்டு, 'எப்படித் திருப்பம்?' என்று நம் முகத்தைப் பார்க்கிறது. இதைத் திருப்பம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் கையெழுத்தைத் தானே மறுப்பது இது.

நண்பர் ஒருவர், நல்ல வாசகர், வாதாடுகிறார்: சடோகோவுக்கு இப்போதுதான் ஆழம் வந்திருக்கிறது, மேலும் மூல ஆசிரியரே சம்பந்தப்பட்ட தொடர்ச்சி இது என்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம். எழுதியவன் என்பதற்காகப் படைப்பின் உள்நியாயத்தை உடைக்கும் உரிமை எவனுக்கும் கிடையாது. முந்தைய நாள் இறுதி இருப்பு அடுத்த நாள் தொடக்க இருப்பாக வந்தாக வேண்டும். பேரேட்டை எழுதியவனே வந்தாலும் நடுவில் தொகையை மாற்ற முடியாது.

ஆழம்? அதற்கான வித்து இருந்தது, மறுக்கவில்லை. ரிகா பெரிய பள்ளிக்கூடத்தை ஆசைப்படுகிறாள். சடோகோ அவளுக்காகவே கூடப் போய், படிப்பில் தோற்று, தனியாகிறாள். சிநேகிதி புதிய கூட்டத்தோடு சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறாள். ஊரைவிட்டுப் படிக்கப்போன நம்மில் யாருக்கு இந்த வலி தெரியாது? இதை மட்டும் நம்பி எடுத்திருந்தால் போதும். ஆனால் வலி காட்டப்பட்ட மறுகணமே அவள் கையில் திரும்பிவரும் வரமும், பைத்தியம் பிடிக்கவைக்கும் ஊசிமருந்தும் வந்துவிடுகின்றன. இவளுக்குத் திரும்புதல் தேய்வதில்லை. சாவது கதவைத் திறந்து மூடுவதுபோல ஆகிறது. விலை போனதும் பயமும் போயிற்று, மிஞ்சியது குடல்சரிவு. 'சோட்சு' பாதிக்குமேல், 'கோ'வில் பார்த்த கொலைகளையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. யார் செய்தது என்று தெரிந்த பிறகு எப்படிச் செய்தாள் என்ற விளக்கவுரை. முடிவில் இரண்டு பெண்களும் கட்டிப்புரண்டு சண்டைபோட்டுச் சமாதானமாகிறார்கள். செத்தவர்கள் சார்பில் கணக்குக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

'கோ' என்பதற்கு எழுதும் சீன எழுத்தின் பொருள் கர்மம், நம் வினை. வினை என்று பெயர் வைத்துவிட்டு, செய்ததற்குப் பயனே இல்லாத ஓர் உலகத்தைக் காட்டியிருக்கிறார்கள். பெயரையாவது மாற்றியிருக்கலாம்.

நம் வீட்டுச் சமாசாரம் இல்லையே என்பீர்கள். முடிந்த நல்ல கதையை மறுபடி திறப்பவன், முன்பு அதை நம்பி அழுதவனின் அழுகையையும் சேர்த்துத் திறக்கிறான். அந்தப் பொறுப்பு அவனுக்கு இருந்ததா என்று கேட்பதுதான் விமர்சனம். எந்த மொழிக் கதையானாலும் நான் இதைக் கேட்பேன்.