சமையல் அறையில் திராவகம் வேண்டாம்!

ஒரு சாண் நீளத்தில் ஒரு கப்பல். அதன் பக்கத்தில் ஓர் ஏணி. ஏணியின் படிகளைக் கண்ணால் எண்ணலாம். விரலால் பிடிக்க முடியாது. அவ்வளவு சிறியவை!

அந்த ஏணி பித்தளையால் ஆனது. அதை யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை. ரம்பத்தால் அறுக்கவும் இல்லை. வெளிச்சமும் ஒரு திரவமும் சேர்ந்து அதைச் செய்தன. செய்த இடம் தொழிற்சாலை அல்ல, வீடு!

கப்பல், விமானம், ரெயில், டாங்கி ஆகியவற்றைச் சிறிய உருவில் அச்சு அசலாகச் செய்வது பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. பிள்ளைகள் மட்டும் அல்ல, பேரப்பிள்ளை எடுத்தவர்களும் செய்கிறார்கள். இவர்களுக்காக 1963-ம் ஆண்டு பிரிட்டனில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

இவர்களில் சிலர் இப்போது தகடு அரிக்கும் வேலையையும் வீட்டிலேயே செய்கிறார்கள். இது நல்லதா? கெட்டதா?

பிளாஸ்டிக் ஏன் போதாது?

கடையில் விற்கும் கப்பல் பிளாஸ்டிக்கால் ஆனது. கப்பலின் உடம்புக்கு அது போதும். கைப்பிடிக் கம்பிக்குப் போதாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிஜக் கப்பலின் நீளம் 70 மீட்டர். அதை 350-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 சென்டிமீட்டர் ஆகும். கப்பலின் கைப்பிடிக் கம்பி 2½ சென்டிமீட்டர் கனம். அதையும் 350-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இராது! தலைமயிர் அளவுதான்.

அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை அச்சில் வார்ப்பது கஷ்டம். வார்த்தாலும் தொட்டவுடன் ஒடிந்துவிடும். பித்தளைத் தகடு அப்படி அல்ல. மெல்லியது; ஆனால் உறுதியானது; மடித்தால் மடங்கும்.

இத்தகைய பித்தளைப் பாகங்களைக் கடையிலும் வாங்கலாம். செக் நாட்டில் 1989-ல் தோன்றிய எடுவார்ட் என்ற கம்பெனி இதில் பெயர் பெற்றது. ஆனால் கம்பெனிகள் பலர் வாங்கும் கப்பலுக்குத்தான் பாகம் செய்யும். ஒருவருடைய தாத்தா வேலை பார்த்த சிறு சரக்குக் கப்பலுக்கு யார் செய்வார்கள்? அவரேதான் செய்துகொள்ள வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் கம்ப்யூட்டரில் படம் வரைகிறார்கள். அதைக் கண்ணாடி போன்ற பிலிம் தாளில் அச்சிடுகிறார்கள். உலோகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கரைய வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும்.

பித்தளைத் தகட்டை நன்றாகத் துலக்குகிறார்கள். விரல் ரேகையின் எண்ணெய் கூட இருக்கக் கூடாது. பிறகு இரு பக்கமும் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டுகிறார்கள். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் படலம் அது. அதனால் மஞ்சள் விளக்கின் அடியில்தான் இந்த வேலை நடக்கும்.

தகட்டின் முன்னும் பின்னும் பிலிமை வைத்து, புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் இறுகாது. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கழுவினால் இறுகாத படலம் கரைந்து போகும். அங்கே பித்தளை வெளியே தெரியும்.

கடைசியில் தகட்டைப் பெரிக் குளோரைடு என்ற பழுப்புத் திரவத்தில் போடுகிறார்கள். அது வெளியே தெரியும் பித்தளையைத் தின்றுவிடும். படலத்தின் அடியில் இருப்பது தப்பிக்கும். அதுதான் ஏணி!

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டால் தகடு பாதி கனம்தான் கரையும். அங்கே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் வழியே தகட்டை நேர்கோடாக மடிக்கலாம். பெட்டி, நாற்காலி எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன.

இரண்டு பிலிமும் ஒரு மயிரிழை விலகினாலும் வேலை கெட்டது. முன் பக்க ஏணி ஓர் இடத்திலும் பின் பக்க ஏணி இன்னோர் இடத்திலும் விழும். முதல் தகடே சரியாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார்.

பத்திரிகைக்குப் பழைய உறவு

இது புது வித்தை அல்ல. பிரிட்டனைச் சேர்ந்த டால்பட் என்ற மேதை, வெளிச்சத்தைக் கொண்டு தகட்டில் படம் செதுக்கும் முறைக்கு 1852-லேயே காப்புரிமை பெற்றார். பெரிக் குளோரைடையும் அவர் பயன்படுத்தினார்.

எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் பத்திரிகைகளில் தலைவர்களின் படம் எப்படி வந்தது? "பிளாக்" செய்துதான்! தகட்டின் மேல் வெளிச்சத்தால் படம் பதித்து, திராவகத்தால் அரித்துப் பிளாக் செய்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படித்தான் படம் போட்டன. பிறகு ஆப்செட் அச்சு வந்தது. பிளாக் போய்விட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு. பிளாக் செய்தவர்கள் தொழிலாளர்கள். அதற்கென்று தனி இடம் இருந்தது. வீட்டில் செய்பவருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா? விவகாரமே இங்கேதான்.

இரு கட்சிகள்

"வீட்டில் இது வேண்டவே வேண்டாம்" என்கிறது ஒரு கட்சி. படத்தை வரைந்து அனுப்பினால் தகட்டை அரித்துத் தர மேல்நாடுகளில் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் வேலை வீட்டு வேலையைவிடச் சுத்தமாகவும் இருக்கும். பிறகு எதற்கு இந்த ரசாயனம் எல்லாம் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

"தானே செய்வதில்தான் இன்பம்" என்கிறது மறு கட்சி. இன்று செய்த தவறை நாளையே திருத்தலாம். சிறு துண்டு போதுமானால் சிறு துண்டு மட்டும் செய்யலாம். கைக்கும் கண்ணுக்கும் பொறுமை பழகுகிறது.

இரண்டிலும் நியாயம் உண்டு. கைத்தொழில் கற்பதைத் தடுக்கக் கூடாது. ஆனால் கற்பவரின் இன்பத்துக்கு வீட்டில் உள்ள மற்றவர்கள் விலை கொடுக்கக் கூடாது. எனவே மூன்று கட்டுப்பாடுகள் அவசியம்.

மூன்று கட்டுப்பாடுகள்

முதலாவது: சமையல் அறையில் செய்யக் கூடாது. பெரிக் குளோரைடு எவர்சில்வர் தொட்டியையும் அரிக்கும். பட்ட இடம் கறையாகும். வேலை முடிந்து படலத்தை உரிக்கக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். அது ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. காற்றோட்டமான தனி இடம், பிளாஸ்டிக் தட்டு, பக்கத்தில் நிறையத் தண்ணீர் இவை வேண்டும். தகட்டை அரித்த பாத்திரத்தில் மறுபடி சாப்பாடு வைக்கக் கூடாது.

இரண்டாவது: சோடா, கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. பெரிக் குளோரைடு பழுப்பு நிறம். பார்த்தால் கலர் போலவும் காப்பி போலவும் இருக்கும். தாகத்தோடு வரும் குழந்தைக்கு என்ன தெரியும்? தனி டப்பா வேண்டும். அதன் மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பூட்டியும் வைக்க வேண்டும்.

மூன்றாவது: சாக்கடையில் கொட்டக் கூடாது. பலர் தவறு செய்யும் இடம் இதுதான். தகட்டிலிருந்து கரைந்த பித்தளை எங்கே போயிற்று? செம்பாகவும் துத்தநாகமாகவும் அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. செம்பு, மீனுக்கும் நீரில் வாழும் சிறு உயிர்களுக்கும் விஷம். வடிகுழாய் வழியே அது ஆற்றுக்குப் போகும். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால், நுரை பொங்கி, உலோகம் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றையும் குப்பையில் எறியாமல், ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

யார் செய்யலாம்?

இந்த மூன்றையும் கடைப்பிடிக்கக் கூடியவர் தாராளமாகச் செய்யலாம். மகனுக்கோ மகளுக்கோ கற்றும் கொடுக்கலாம். படம் வரைவதும், தகட்டைத் துலக்குவதும், மடித்து ஒட்டுவதும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. திராவகத்தில் போடுவது பெரியவர் வேலை.

ஒற்றை அறையில் குடும்பம் நடத்துபவரும், கைக்குழந்தை உள்ளவரும் படத்தை மட்டும் வரைந்து கம்பெனிக்கு அனுப்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வரைந்தது அவர் அறிவு. மடித்து ஒட்டியது அவர் கை. கப்பல் அவருடையதுதான்!

விருந்தாளி வந்து கண்ணாடிப் பெட்டியில் உள்ள கப்பலைப் பார்க்கிறார். "இந்த ஏணியை எப்படிச் செய்தீர்கள்?" என்று வியந்து கேட்கிறார். அப்போது வீட்டுக்காரர், "மிச்சத் திரவத்தை என்ன செய்தேன் தெரியுமா?" என்று அதையும் கூசாமல் சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும். அவர்தான் நல்ல கைவினைஞர்!